இருபதாவது வாரம்

அந்த எட்டு வாரங்களில் நான் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனாலும் ஒரு கடிதம் அடித்து முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போவேன். தபால்காரர் வந்தால் பயம். வராவிட்டால் அதைவிடப் பயம். இப்போது கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. என்னைப் போல ஒருத்தி எந்த ஊரிலாவது ஆஸ்பத்திரி பெஞ்சில், சொன்னது பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருப்பாள். அவளை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் மூத்தவள் மெர்சி. அவள் பிறந்து பதினோரு மாதம் வரை எங்களுக்கு எதுவும் தெரியாது. பால் குடிக்கத் திணறுவாள். தூக்கினால் தோளில் துவண்டு கிடப்பாள். சில பிள்ளைகளுக்கு எல்லாம் மெதுவாகத்தான் வரும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். சங்கில் ஊற்றிய பாலைத் துப்பும்போதெல்லாம் அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்து இரண்டு மூன்று தடவை அடித்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த ஒரு டாக்டர், அலுவலகத்தில் என் மடியில் இருந்தவளைத் தற்செயலாகப் பார்த்தார். அவள் கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார், கண்ணோரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

என் கணவர் தாமஸ் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சீசன் முடிந்ததும் மூன்று பேரும் ரயிலேறினோம். அங்கே மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மெர்சிக்கு எடுப்பது சரி, எங்களுக்கு எதற்கு என்று தாமஸ் கேட்டார். பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. சொன்னதையே எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொல்லுவார்.

முடிவு சொல்லக் கூப்பிட்டபோது மேஜையில் மூன்று அட்டைகளை வைத்தார். அதில் கறுப்புக் கறுப்பாகப் புழு போல ஏதோ ஒட்டியிருந்தது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் குரோமோசோம்கள் அவை. மொத்தம் நாற்பத்தாறு, தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி, இருபத்து மூன்று ஜோடி. நிறம், உயரம், உறுப்புகளின் அமைப்பு எல்லாவற்றுக்கும் உண்டான விவரம் அவற்றில்தான் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி ஜோடியாக அட்டையில் ஒட்டுவார்களாம். தாமஸின் அட்டையில் எல்லாம் ஜோடியாக இருந்தன. என்னுடையதில் நாற்பத்தைந்துதான். இருபத்தொன்றாம் நம்பரில் ஒன்று, பதினான்காம் நம்பரில் ஒன்றின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எதுவும் குறையலை, ரூத். சாமான் எல்லாம் சரியா இருக்கு, ரெண்டு மட்டும் ஒட்டியிருக்கு. அதனால உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. ஆனா பிள்ளைக்குப் பிரிச்சுக் கொடுக்கும்போதுதான் கணக்கு பிசகும்" என்றார்.

இப்படிப்பட்டவர்களை கேரியர் என்பார்கள். நோய் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கிறவர். என் வயிற்றில் வரும் பிள்ளை தாமஸைப் போல ஜோடியெல்லாம் சரியாக இருக்கலாம். என்னைப் போல ஒட்டியதோடு நன்றாக இருக்கலாம். மெர்சியைப் போல இருபத்தொன்றாம் நம்பர் கூடுதலாக வந்து டவுன் சிண்ட்ரோம் ஆகலாம். அல்லது தங்காமலே போகலாம். எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

ஊருக்கு வந்ததும் தாமஸின் வீட்டார் கூடிவந்து அவரிடம் கேட்டார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. தானா வந்ததாம்" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டார். அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

மெர்சிக்கு மூன்று வயது முடிந்தபோது மறுபடி உண்டானேன். உண்டானது தெரிந்த அன்றே டாக்டரம்மாவுக்கு எழுதிப்போட்டேன். பதினாறாவது வாரம் வரச் சொன்னார். பண்ணைக்காட்டிலிருந்து என் அக்கா ஞானம் வந்து மெர்சியைப் பார்த்துக்கொண்டாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நாலு தடவை உண்டாகி, நாலும் மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துபோயின. அதனால் என் வயிற்றைப் பற்றி அவளிடம் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்தச் சோதனைக்கு ஆம்னியோசென்டெசிஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது. கருப்பையில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீரில் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். பிள்ளையின் தோலிலிருந்து உதிர்ந்த செல்கள் அதில் மிதக்கும். அவற்றை மூன்று நாலு வாரம் வளர்த்து, பிறகு அதே அட்டை வேலை. ஊசி போடுமுன் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, மெர்சி மாதிரி என்று தெரிந்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் தாமஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். யோசிக்கிறோம் என்றோம். முடிவு எதுவானாலும் அது எங்களுடையதுதான், ஆனால் இருபது வாரத்துக்கு மேல் கலைக்கச் சட்டத்தில் இடமில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஸ்கேன் திரையில் மழை பெய்வது போல இருந்தது. அதற்குள் ஏதோ உதைத்தது. வயிற்றில் நீளமான ஊசி இறங்கியபோது வலி பெரிதாக இல்லை. யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல ஓர் உணர்வு, அவ்வளவுதான். சிரிஞ்சில் வந்த தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஆரம்பித்தது என் அலைச்சல். அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் ஏரியைச் சுற்றி நடப்பேன். பாதியில் மெர்சி ஞாபகம் வந்து ஓடி வருவேன். அவள் கையைத் தட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. இவளைப் போல இன்னொன்று வேண்டாம் என்றுதானே ஊசி குத்திக்கொண்டு வந்தேன்? அப்படியானால் இவள் எனக்கு வேண்டாமா?

ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து நாலு நாள் பஸ் வரவில்லை, தபாலும் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்த பையில் எனக்கொரு கடிதம் இருந்தது. செல்கள் வளரவில்லை என்றும் சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றும் எழுதியிருந்தது. உடனே புறப்பட்டு வரவும் என்பதன் கீழே இரண்டு கோடு.

மெர்சியை மறுபடி அக்காவிடம் விட்டுவிட்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது பத்தொன்பது வாரமும் ஐந்து நாளும் ஆகியிருந்தது. டாக்டரம்மா நாட்காட்டியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மறுபடி தண்ணீர் எடுக்கலாம். ஆனால் முடிவு வரும்போது இருபது வாரம் எப்போதோ தாண்டியிருக்கும். அதன்பின் எதுவும் செய்ய முடியாது. ஊசியால் கரு கலைகிற ஆபத்தும் சிறிது உண்டு. அதனால் இதை வேண்டாம் என்று சொன்னாலும் அது சரியான முடிவுதான் என்றார்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றோம். சக்கர நாற்காலிகளும் தூக்குவாளிகளுமாக ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"இனி தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்? கெடக்கட்டும், வா, வீட்டுக்குப் போவோம்" என்றார் தாமஸ். எனக்காக என்பதைவிட, ஊசிக்குப் பயந்து சொன்னார் என்று குரலிலேயே தெரிந்தது.

"மெர்சிக்குப் பதினோரு மாசம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பால் குடிக்கலைன்னு அடிச்சேன். தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்ல?"

நான் அடித்தது அவருக்கு அன்றுதான் தெரியும்.

"அப்ப வெரசா போய் சொல்லு. இன்னைக்கே எடுத்துரட்டும்" என்றார்.

எடுத்தார்கள். மறுநாள் காலை எழுந்தபோது சேலை நனைந்திருந்தது. ஊசி போன வழியே தண்ணீர் கசிந்திருக்கிறது. வார்டில் சேர்த்து, கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் அண்டக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். தலை கீழே, கால் மேலே. அசையக் கூடாது. நாலு வாரமாக உட்கார முடியாமல் அலைந்தவளை ஆறு நாள் படுக்கையில் கட்டிப்போட்டதுபோல் ஆயிற்று. கண்ணுக்கு எதிரே மேற்கூரை மின்விசிறி. அதன் மூன்று இறக்கைகளை எத்தனை தடவை எண்ணினேனோ தெரியாது. மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து வயிற்றில் குழாயை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்பாள். அவள் தலையாட்டும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் செல்வி என்று ஒருத்தி. இருபத்தைந்து வயதிருக்கும். வேறெங்கோ ஒரு கிளினிக்கில் கருவைக் கலைத்து, ரத்தப்போக்கு நிற்காமல் இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இரண்டாம் நாள் என் பக்கம் திரும்பிப் படுத்து, எனக்கும் தண்ணீர் எடுத்தார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எனக்கும் எடுத்தாங்க. பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு இருக்கு. உனக்கு எத்தினி பொண்ணு?"

ஒன்றுதான், ஆனால் நான் எடுத்தது அதற்கு இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். சொன்ன வேகம் எனக்கே அசிங்கமாக இருந்தது. அதே ஊசி, அதே தண்ணீர். அவளைவிட நான் மேல் என்று காட்டிக்கொள்ள ஏன் அப்படித் துடித்தேன்? அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். மாமியாரும் புருஷனும் பேசி முடித்து, வண்டியில் ஏற்றும்போதுதான் எங்கே போகிறோம் என்றே தெரியுமாம். என்னிடம் மட்டும்தான், என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

நாலாம் நாள் அக்கா மெர்சியோடு வந்து நின்றாள். நான் படுத்துவிட்டேன் என்று தாமஸ் எங்கள் அலுவலக ஃபோனுக்கு டிரங்கால் போட்டுச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரம் தனியாக ரயிலில் அக்கா அதுவரை போனதே இல்லை. பூண்டு ரசத்துக்குப் பொடி, மலைவாழைப்பழம், எனக்கு இரண்டு பழஞ்சேலை, எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடைத்து, இடுப்பில் மெர்சியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் என் தலையைக் கோதி, சிக்கெடுத்து, படுத்த வாக்கிலேயே பின்னிவிட்டாள். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை.

மெர்சிக்கு வார்டு பிடித்துப்போயிற்று. கட்டில் கட்டிலாகப் போய் நிற்பாள். செல்வியின் கட்டிலைப் பிடித்து ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தாள். மெர்சி யாரையும் அப்படித்தான் பார்ப்பாள். செல்வி முதலில் விலகினாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததை மெர்சி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து செல்வி என்னிடம் கேட்டாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இந்த மாதிரி வரக் கூடாதுன்னுதான் நீ டெஸ்ட் எடுத்தியா?"

மெர்சி அவள் மடியில் இருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அக்கா எழுந்து, பிள்ளைக்குப் பசிக்கும் என்று மெர்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் வெள்ளனே செல்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் போய்விட்டாள்.

டாக்டரம்மா வார்டு சுற்றி வந்தபோது, அக்காவைப் பற்றி நான் முன்பு சொன்னதை நினைவு வைத்திருந்தார். நாலு தடவை கலைந்தது இவருக்குத்தானா என்று கேட்டு, ரத்தம் தருகிறீர்களா என்றார். அக்கா, தனக்கு இனி எதற்கு, முப்பத்தாறு வயதாகிவிட்டது என்று மழுப்பினாள். கடைசியில், ரூத்துக்கு உதவுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினாள்.

ஆறாம் நாள் கசிவு நின்றது. ஊர் வந்தோம். இருபதாவது வாரம் படுக்கையிலேயே கழிந்து, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று வாரங்கள் ஓடின. இனி முடிவெடுக்க ஒன்றுமில்லை என்பது ஒருவகையில் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. காத்திருப்பது அப்படியேதான் இருந்தது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் விதம், நாக்கை அடக்கும் பயிற்சி என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மெர்சியின் பழைய உடுப்புகளைத் துவைத்து மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

இருபத்து நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, அலுவலக ஃபோன் ஒலித்தது. மெட்ராஸ் டிரங்கால் என்று மேலாளர் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, எழுந்து வெளியே போய்க் கதவையும் சாத்தினார். இரைச்சலுக்கு நடுவில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"செல் நல்லா வளர்ந்திருக்கு, ரூத். நாற்பத்தஞ்சு. உங்களை மாதிரியே."

நான் ஒன்றும் பேசாததால் கேட்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். கேட்கிறது என்றேன். பையனா, பெண்ணா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அக்காவின் ரத்தச் சோதனை முடிவையும் சொன்னார். அதுவும் என்னைப் போலத்தான்.

டாக்ஸி ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். தாமஸ் காருக்குள் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னேன். அவர் அப்படியே ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தார். ஹாரன் நெற்றி பட்டு அமுங்கி நீளமாக அலற, ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் மெர்சியைத் தூக்கியபோதுதான் அழுகை வந்தது. சந்தோஷப்பட்டதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவளுக்கு என்ன தெரியும், என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் பையன் பிறந்தான். நன்றாக இருக்கிறான். அவனுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது அவன் ரத்தத்தில் இருப்பதை நான் அவனிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன. ஆனால் இப்படியொரு விஷயத்தை ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்பதை, அந்த டிரங்கால் வந்த வாரமே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் பிடித்துப் பண்ணைக்காடு போனேன். அக்கா வீட்டு முற்றத்தில் மிளகைக் காயப்போட்டு, உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். மச்சான் பின்கட்டில் காப்பிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். என் சேதியைச் சொன்னதும் அக்கா என் வயிற்றில் கையை வைத்து, ஆண்டவரே என்றாள். பிறகு அவளுடையதைச் சொன்னேன். அட்டை, ஜோடி, ஒட்டிக்கொண்ட இரண்டு, பிரியும்போது பிசகுகிற கணக்கு. நம் அப்பா வழியா, அம்மா வழியா தெரியாது, இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. கணக்கு அதிகமாகப் பிசகிய கரு தானாகவே நின்றுவிடும், அக்காவுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன்.

அக்கா மிளகைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"மொதத் தடவை எழவு வீட்டுக்குப் பஸ்ஸுல போனேன்ல. அதனால இல்லையா?"

"அதனால இல்லக்கா."

"காப்பி மூட்டையைத் தூக்குனது?"

"அதுவும் இல்ல."

"மெளகு பறிக்க ஏணியில ஏறுனேனே?"

"இல்ல."

நாலாவது தடவை அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அப்படியும் கலைந்தபோது, இவள் உடம்பே பிள்ளை தங்காத உடம்பு என்று அவள் மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். மச்சானுக்கு வேறு பெண் பார்க்கவும் பேச்சு நடந்தது. அந்த நாலாவதைப் பற்றி அக்கா கேட்கவில்லை.

"நான் ஒண்ணும் செய்யலையா?" என்றாள்.

"நீ ஒண்ணும் செய்யலைக்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவள் கை நின்றது. மடியிலிருந்த மிளகைத் தட்டிவிட்டு எழுந்து, பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க, இங்க வாங்க. அந்தச் சோலி கெடக்கட்டும். ரூத்து சொல்றதை வந்து கேளுங்க."

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றார். அக்கா அவர் உட்கார ஒரு மணையை இழுத்துப் போட்டாள். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.